தில்லை முதல் ஆனைமலை வரை: இருளில் ஒளியைப் பதித்த வரலாறு

தமிழ்நாட்டில் ஒளிப்படக்கலை வேரூன்றிய வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் வெயிலில் எடுக்கப்பட்ட படங்களைக் கொண்டே அதை எழுதியுள்ளனர். கோபுரங்கள், அரண்மனைத் தூண்கள், ஸ்டுடியோவின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே நாற்காலியில் விறைப்பாக அமர்ந்த குடும்பங்கள் என நல்ல வெளிச்சம் எங்கெல்லாம் கிடைத்ததோ அங்கெல்லாம் கேமரா சென்றதால், அந்த வரலாறும் வெளிச்சத்தைப் பின்தொடர்ந்தே சென்றது. மங்கிய ஒளியைப் பதிக்க நடந்த முயற்சிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. கடலூரையும் சிதம்பரத்தையும் உள்ளடக்கிய பழைய தென்னார்க்காட்டுப் பகுதி, அந்த வரலாற்றின் சில முக்கியமான இடங்களைத் தன்னகத்தே கொண்டிருக்கிறது. கேமராவின் கதவைப் பல வினாடிகளோ நிமிடங்களோ திறந்து வைத்து, சொட்டுச் சொட்டாக வரும் ஒளியைச் சேர்த்துக்கொள்ளும் முறையே நெடுநேர ஒளியேற்பு. படப்பிடிப்பாளர்கள் இதை லாங் எக்ஸ்போஷர் என்பர். 19ஆம் நூற்றாண்டில் இது வேறு வழியில்லாமல் பொறுத்துக்கொள்ளப்பட்ட குறையாக இருந்தது. இன்று மின்மினிப்பூச்சிகளின் ஒளியைப் படமாக்குவோருக்கு அதுவே தலையாய கருவி. குறை எவ்வாறு கருவியாயிற்று என்பதைக் காண, முதலில் அது குறையாக இருந்த காலத்துக்குச் செல்ல வேண்டும்.

சென்னை மாகாணத்தில் ஒளிப்படம் அரசு அலுவலாக மாறிய ஆண்டு 1856. சென்னையில் கலைப் பள்ளியை நிறுவிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டரின் முயற்சியால் அவ்வாண்டில் சென்னை ஒளிப்படச் சங்கம் தோன்றியது; கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் மாகாண அரசின் படப்பிடிப்பாளராக நியமிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். 1857ஆம் ஆண்டு இறுதியிலும் 1858ஆம் ஆண்டிலும் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களில் அவர் எடுத்த படங்கள் பெரும்பாலும் மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களில் பதிந்தவை. வெள்ளி உப்பு பூசிய அந்தக் காகிதம் ஒளியை மிக மெதுவாகவே ஏற்றது. கொளுத்தும் வெயிலிலும் நிமிடக் கணக்கில் கேமராவின் வாயைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அதனால் அப்படங்களில் கல் நின்றது, மனிதர் மறைந்தனர். தெருவில் நடந்தவரும் குளத்தில் நீர் மொண்டவரும் மேய்ந்துகொண்டே நகர்ந்த மாடும் பதியும் அளவுக்கு ஓரிடத்தில் நிற்காததால், திருவிழாக் கூட்டத்துக்குப் பழகிய கோயில் வெளிகள் ஆளரவமற்ற பாழிடங்களாகக் காட்சியளித்தன. தென்னிந்தியக் கோயில்கள் கைவிடப்பட்டுக் கிடந்தன என்ற எண்ணம் அக்கால ஐரோப்பிய வாசகரிடம் படிந்ததற்கு இந்தப் படங்களுக்கும் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு.

ட்ரைப்பின் செயல்முறையில் இக்கட்டுரைக்குத் தேவையான செய்திகள் இன்னும் இரண்டு உள்ளன. அக்காலக் காகிதம் நீல ஒளியை மிகுதியாக ஏற்றதால் வானம் வெறும் வெள்ளையாகவே பதிந்தது; அந்த வெறுமையை மறைக்க அவர் நெகட்டிவின் மீது தம் கையாலேயே மேகங்களைத் தீட்டினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை ஒரே கேமரா வீச்சில் அடக்க முடியாததால், 21 படங்களை வரிசையாக ஒட்டி ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள ஒரே படமாக்கினார். இவ்வளவு உழைத்தவரின் பதவி நெடுநாள் நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், நிதி நெருக்கடிக் காலத்தில் இது ஆடம்பரம் என்று முடிவு செய்ய, ட்ரைப்பின் அலுவலகம் விரைவிலேயே மூடப்பட்டது.

காகிதத்தைத் தொடர்ந்து வந்தது ஈரத்தகடு. பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட இம்முறையில், கொலோடியன் என்னும் பசைநீர்மத்தைக் கண்ணாடியில் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காயும் முன்பே படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். ஒளியேற்பு நேரம் வினாடிகளாகக் குறைந்தாலும், தகடு உலர்ந்தால் அது பயனற்றுப்போகும். கடற்கரை மாவட்டங்களின் வெக்கையில் அந்த அவகாசம் சில நிமிடங்களே. இந்தத் தகட்டுக்கு இன்னொரு ஊனமும் இருந்தது. நீலத்தையும் ஊதாவையும் அது கண்டது. பச்சையும் மஞ்சளும் அதற்கு மங்கலாயின. சிவப்போ முற்றிலும் இருட்டு. எனவே வெள்ளை வேட்டி பளீரென்று பதிய, மாநிற முகம் கன்றிக் கறுத்தது. அக்காலப் படங்களில் தென்னிந்தியரின் தோற்றம் உள்ளதைவிட மிகக் கருமையாக இருப்பதன் காரணம் இதுவே.

இந்த ஊனத்தோடு சேர்த்துப் படிக்கத்தக்க ஒரு செய்தி கடலூர் மாவட்டத்திலேயே வழங்கி வருகிறது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்து, தம்மைச் சிதம்பரம் இராமலிங்கம் என்றே எழுதிக்கொண்ட வள்ளலார், 1867ஆம் ஆண்டு மே 23 அன்று வடலூரில் தருமசாலையையும், 1872ஆம் ஆண்டு ஜனவரி 25 அன்று சத்திய ஞான சபையையும் தொடங்கினார். அவருடைய வழிபாட்டில் உருவம் இல்லை; ஏழு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலக, கடைசியில் தெரியும் சோதியே வழிபடு பொருள். அவரைப் படம்பிடிக்க மாசிலாமணி முதலியார் என்னும் சென்னைப் படப்பிடிப்பாளர் வரவழைக்கப்பட்டார் என்றும், பலமுறை முயன்றும் வெள்ளாடை மட்டுமே பதிந்ததன்றித் திருமேனி பதியவில்லை என்றும் சன்மார்க்க அன்பர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். பண்ணுருட்டிக் குயவர் ஒருவர் செய்து கொண்டுவந்த மண்ணுருவையும் அவர் ஏற்காமல் கீழே விட்டு உடைத்தார் என்பது அதனோடு ஒட்டிய மற்றொரு வழக்கு. அன்பர்களுக்கு இது ஒளியுடம்பு எய்தியதன் சான்று. ஒளிப்பட வரலாற்றாசிரியருக்கோ, வெண்துணியை மட்டும் விரும்பி ஏற்று மேனி நிறத்தைக் கைவிடும் ஈரத்தகட்டின் இயல்பு நினைவுக்கு வரும். நம்பிக்கையின் வழக்கைத் தீர்த்து வைப்பது வரலாற்றின் வேலையன்று. உடலின் நிறமும் ஒளியின் நிறமும் தகட்டின் பார்வைக்கு அகப்படாமல் நழுவிய ஒரு காலம் இருந்தது என்பதை இவ்வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. அவ்வளவே இங்கு வேண்டுவது.

சிதம்பரம் கோயிலிலும் இருட்டு ஒரு சிக்கலாகவே இருந்தது. கோபுர வாயில்களின் உட்சுவர்களில் அமைந்த 108 கரணச் சிற்பங்கள், அதாவது நாட்டிய சாத்திரம் வகுத்த ஆடல் நிலைகளைக் காட்டும் சிறு புடைப்புச் சிற்பங்கள், நேர்வெயில் படாத நடைவழியில் உள்ளன. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் அவற்றுக்கு உரிய வடமொழிச் சுலோகங்களும் பொறிக்கப்பட்டிருப்பதால் அறிஞர்களின் கவனம் அவற்றின் மீது விழுந்தது; சென்னைக் கல்வெட்டுத் துறை 1914ஆம் ஆண்டு அறிக்கையில் அவற்றின் படங்களை வெளியிட்டது; 1936இல் வெளிவந்த தாண்டவ லட்சணம் என்னும் நூல் அச்சிற்பப் படங்களை நடனக் கலைஞர்களின் கைகளில் சேர்த்தது. இத்தகைய இடங்களில் படமெடுக்க அக்காலத்தில் வழங்கிய வழிகள் இரண்டு: முகம் பார்க்கும் கண்ணாடியாலோ வெள்ளைத் துணியாலோ வெயிலை உள்ளே திருப்பிவிடுவது ஒன்று, முக்காலியில் கேமராவை இறுக்கி, நெடுநேரம் திறந்து வைப்பது மற்றொன்று. கல்லில் உறைந்த ஆடலுக்கு இரண்டாவது வழி கச்சிதமாகப் பொருந்தியது. ஆடுபவர் உயிருள்ளவராக இருந்திருந்தால் படத்தில் புகைதான் மிஞ்சியிருக்கும்.

தானே ஒளிவிட்டுக்கொண்டு பறக்கும் பொருளின் நிலை கல்லிலிருந்தும் உயிருள்ள ஆடுநரிலிருந்தும் வேறுபட்டது. மின்மினி என்பது ஈ வகையைச் சேர்ந்ததன்று. அது ஒரு வண்டு. அதன் வயிற்றின் கடைசிக் கண்டங்களில் உள்ள லூசிஃபெரின் என்னும் பொருள், லூசிஃபெரேஸ் என்னும் நொதியின் துணையோடு ஆக்சிஜனுடன் சேரும்போது ஒளி பிறக்கிறது. இவ்விரு பெயர்களையும் 1880களில் சூட்டியவர் பிரெஞ்சு அறிஞர் ரஃபேல் டூபுவா. உயிரணுக்களின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. இல்லாமல் இவ்வொளி எழாது என்பதை வில்லியம் மெக்எல்ராய் 1947இல் நிறுவினார். பால்டிமோர் நகரச் சிறுவர்களுக்குக் காசு கொடுத்துத்தான் அவர் தம் ஆய்வுக்கான பூச்சிகளைச் சேர்த்தார். இவ்வொளியின் நிறம் பச்சை கலந்த மஞ்சள். காகித நெகட்டிவும் ஈரத்தகடும் எந்த நிறத்தில் மந்தமாயிருந்தனவோ அதே நிறம். ஆகவே ட்ரைப்போ அவருக்குப் பின் வந்தவர்களோ தென்னார்க்காட்டு வயல் ஒன்றில் இரவு முழுதும் கேமராவைத் திறந்து வைத்திருந்தாலும் தகட்டில் ஒன்றும் பதிந்திராது.

இந்தத் தடை இரண்டு கண்டுபிடிப்புகளால் நீங்கியது. ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் 1871இல் வெளியிட்ட ஜெலட்டின் உலர்தகடு, காயும் என்ற அச்சமின்றி எவ்வளவு நேரமும் திறந்து வைக்க வழி செய்தது. ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் 1873இல், தகட்டில் சாயம் சேர்த்தால் பச்சையும் மஞ்சளும் பதியும் என்று கண்டார். அதன் பின்னரே மின்மினியின் ஒளி ஆய்வாளரின் தகட்டுக்குள் வந்தது. ஹெர்பர்ட் ஐவ்சும் வில்லியம் கோப்லன்ட்சும் 1909ஐ ஒட்டி அமெரிக்காவில் மின்மினி ஒளியின் நிறமாலையைத் தகட்டில் பதித்து, அது ஏறக்குறைய முழுவதும் கண்ணுக்குப் புலப்படும் எல்லைக்குள் அடங்கியது என்று காட்டினர். விளக்குத் திரியும் மின்குமிழும் பெரும்பகுதி ஆற்றலை வெப்பமாக வீணாக்க, மின்மினியின் விளக்கு சூடற்றது என்று இதனால் உறுதிப்பட்டது.

தமிழ்ப் புலவர்கள் இதற்கு நெடுங்காலம் முன்பே இந்த ஒளியைக் கூர்ந்து பார்த்திருக்கின்றனர். அகநானூற்றின் 72ஆம் பாடலில், நள்ளிரவு மழையில் மின்மினிகள் மொய்த்த புற்றை ஆண் கரடி ஒன்று தோண்டுகிறது. சிதறும் பூச்சிகள் உலைக்களத்துப் பொறிகளாகவும் கரடி இரும்படிக்கும் கொல்லனாகவும் தோன்றுகின்றன. கரிய உருவம் இருளில் கரைந்திருக்க, சிதறும் பொறிகளால் மட்டுமே அதன் வடிவம் தெரியவரும் இக்காட்சி, நெடுநேர ஒளியேற்பில் கிடைக்கும் படத்துக்கு மிக நெருக்கமானது. பிற்காலச் சமய வாதங்களில் கதிரவன் முன் மின்மினி என்பது தோற்ற தரப்பை எள்ளும் வாய்பாடாகவே ஆகிவிட்டது. பூச்சியை நேரில் பார்க்கும் ஆர்வம் அங்கே குறைந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். நாட்டுப்புறத்தில் அந்த ஆர்வம் குன்றவில்லை. பனையோலையில் தொங்கும் கூட்டினுள் களிமண்ணை அப்பி, அதில் மின்மினியை ஒட்டித் தூக்கணாங்குருவி இரவில் விளக்கேற்றுகிறது என்று தமிழகச் சிற்றூர்களில் இன்றும் சொல்வார்கள். கூட்டில் களிமண் இருப்பது உண்மை, விளக்கு கற்பனை.

மின்மினிகளின் இன்னொரு இயல்பு ஒளிப்படத்தின் துணையின்றித் தீராத வழக்காக நீடித்தது. 1690இல் சியாம் சென்ற எங்கல்பர்ட் கெம்ப்ஃபர், ஆற்றோர மரங்களில் ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து ஒரே தாளத்தில் அணைவதைக் கண்டு எழுதினார். மேலை அறிஞர் பலர் இதை நம்பவில்லை. பிலிப் லாரன்ட் என்பவர் 1917இல், பார்ப்பவரின் இமை துடிப்பதால் எழும் மயக்கமே அது என்றுகூட எழுதினார். 1960களில் ஜான் பக்கும் எலிசபெத் பக்கும் தாய்லாந்தில் ஒளியளவியாலும் திரைப்படச் சுருளாலும் பதிவு செய்த பிறகே, அந்த ஒத்திசைவு உண்மை என்று அறிவியல் ஒப்புக்கொண்டது. அத்தகைய மரங்கள் மிகுதியும் அலையாத்திக் கழிமுகங்களில் நிற்பவை. மலேசியத் தமிழர்களுக்கு நன்கு அறிமுகமான கோலசிலாங்கூரை அடுத்த கம்போங் குவாந்தானில், படகில் சென்று அவற்றைக் காண்பது பல்லாண்டு வழக்கமாகவே இருந்து வருகிறது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் விரிந்த பிச்சாவரம், அதே அலையாத்தி இனத்துக் காடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் இன்று நகரத்தில் அருகி, இந்தக் கழிமுகத்தில்தான் செழித்து நிற்கிறது. சுரபுன்னைக் காடு என்று ஊரார் வழங்கும் இவ்வனத்தில் ஆங்கிலேயர் காலம் முதல் கூறு கூறாக மரம் வெட்டும் முறை பின்பற்றப்பட்டதால், வெட்டிய இடங்கள் பள்ளமாகி, நீர் தேங்கி, உப்பேறிப் பாழாயின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி அலைநீரை உள்ளே விட்ட பின் அவ்விடங்களில் பசுமை திரும்பியது. 1975இல் வந்த இதயக்கனி முதல் பல திரைப்படங்கள் இக்காட்டைப் பகல் வெளிச்சத்தில் காட்டியுள்ளன. பிச்சாவரத்தின் இரவோ பொதுமக்கள் பார்வைக்கு எட்டாதது. படகுப் பயணம் மாலையோடு முடிந்துவிடுகிறது.

தமிழகத்தில் மின்மினிப் படக்கலை உச்சம் தொட்டது கடற்கரையில் அன்று, மேற்குத் தொடர்ச்சி மலையில். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்திச் சரகத்தில் கோடை இறுதியில் பெருந்திரளாகக் கூடி ஒத்திசைந்து ஒளிரும் மின்மினிகளை வனத்துறை 2022இல் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. ஒளி மாசு குறித்து லாஸ்ட் இன் லைட் என்னும் குறும்படம் எடுத்திருந்த ஒளிப்படக் கலைஞர் ஸ்ரீராம் முரளி அந்தக் காடுகளில் எடுத்த படம், 2023இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆண்டின் சிறந்த கானுயிர் ஒளிப்படக்கலைஞர் போட்டியில் முதுகெலும்பற்ற உயிர்களின் நடத்தைப் பிரிவில் வென்றது. ஒவ்வொன்றும் 19 வினாடி கொண்ட 50 படங்களைச் சேர்த்து, 16 நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவான காட்டின் ஒளியை ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்த படம் அது.

கேமராவை 16 நிமிடம் தொடர்ந்து திறந்து வைத்தால் என்ன என்று கேட்கலாம். பூமியின் சுழற்சியால் அந்நேரத்தில் விண்மீன்கள் 4 பாகை நகர்ந்து கோடுகளாக இழுபடும். தொலைதூர ஊர் விளக்குகளின் மங்கல் சேர்ந்து சேர்ந்து வானம் வெளுக்கும். ஒளியுணரியின் வெப்பத்தால் போலிப் புள்ளிகள் பெருகும். பிலிம் காலத்தில் இதனுடன் வேறொரு தொல்லையும் இருந்தது: ஒளி மிக மங்கலாக நீளும்போது பிலிமின் ஏற்புத்திறனே சரிந்துவிடும். ஆகவே முக்காலியில் அசையாது நிற்கும் கேமராவில் வில்லையின் துளையை அகலத் திறந்து, குறுகிய படங்களை வரிசையாக எடுத்து, பின்னர் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் மிகப் பிரகாசமானதை மட்டும் நிறுத்திக்கொள்ளும் முறை வழக்கத்துக்கு வந்தது. இருட்டு இருட்டாகவே இருக்க, ஒவ்வொரு சிமிட்டலும் ஒரு புள்ளியாகத் தங்கிவிடுகிறது. விடாமல் ஒளிர்ந்துகொண்டே பறப்பவை கோடாகின்றன. பூச்சியின் உடல் பதிவதில்லை. ட்ரைப்பின் காலத்தில் தெருவில் நடந்தவரைத் துடைத்தெறிந்த அதே விதி இங்கும் செயல்படுகிறது. நடந்தவரிடம் சொந்த ஒளி இல்லை, மின்மினியிடம் இருக்கிறது என்பதே வேறுபாடு.

எந்தக் கணத்திலும் எவர் கண்ணுக்கும் தெரிந்திராத காட்சியை உண்மை என்று ஏற்கலாமா என்ற ஐயம் இப்படங்களைப் பற்றி எழுவதுண்டு. அது சற்றுக் காலந்தாழ்ந்த ஐயம். 1858இலேயே 21 படங்கள் ஒட்டப்பட்டு ஒரு சுவர் ஆயிற்று. அதுவும் எவரும் ஒரு பார்வையில் காண இயலாத சுவர். தீட்டப்பட்ட மேகத்துக்கும் அடுக்கப்பட்ட சிமிட்டலுக்கும் உள்ள வேறுபாடுதான் கருதத்தக்கது: முன்னது இல்லாததைச் சேர்ப்பது, பின்னது நிகழ்ந்ததைக் கூட்டுவது. எத்தனை படங்கள், எத்தனை வினாடி என்று எடுத்தவர் சொல்லிவிட்டால் அப்படம் ஓர் ஆவணமாகிவிடுகிறது. சொல்லாவிட்டால் சுவரில் மாட்டும் அலங்காரம் மட்டுமே.

இக்கலைக்கு இன்றியமையாத மூலப்பொருள் இருட்டு. அது கடலூர் மாவட்டத்தில் வேகமாகக் குறைந்து வருகிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் உருவாகி, 1962இல் அதன் அனல் மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியதிலிருந்து, சுரங்கத்தின் விளக்குகள் இரவிலும் அணைவதில்லை. ஒற்றைச் சோதிக்காக ஏழு திரைகள் விலகும் வடலூர் அதற்கு மிக அருகில் இருக்கிறது. கடலோரத்து இறால் பண்ணைகளும் நாற்கரச் சாலைகளும் சிற்றூர்த் தெருக்களின் எல்.இ.டி. விளக்குகளும் பின்னர் சேர்ந்தன. ஆணும் பெண்ணும் சிமிட்டலால் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் பூச்சிக்கு இந்த வெளிச்சம் இடையூறு. அதன் புழுப்பருவம் ஈரமண்ணில் நத்தைகளைத் தின்று மாதக்கணக்கில் வளர்வதால், வயலில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி நேராகவே அதைத் தாக்குகிறது.

இவ்வாறு குறைந்து வரும் ஒளியைப் பதிந்து வைப்போருக்குப் பழைய படங்கள் ஒரு பாடம் தருகின்றன. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, தமிழக ஸ்டுடியோக்களின் பழைய குடும்பப் படங்களைத் தேடிப் பாதுகாத்தது. அப்படங்களின் பின்புறம் ஸ்டுடியோவின் பெயரோ ஆண்டோ குறிக்கப்பட்டிருந்தால் அவற்றின் மதிப்பு பன்மடங்காகிறது. மின்மினிப் படமெடுக்கும் இளைஞர்களும் இதை மனத்தில் கொள்வது நல்லது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்து வயல்வரப்பிலோ வாய்க்கால் கரையிலோ படமெடுப்போர், டார்ச்சையும் ஃபிளாஷையும் அணைத்துவிட்டு, புல்லில் அமர்ந்திருக்கும் பெண்பூச்சிகளை மிதிக்காமல் ஓரமாக நின்று, அதே இடத்தில் அதே மாதத்தில் ஆண்டுதோறும் எடுத்து, ஒவ்வொரு படத்தோடும் ஊர், நாள், நேரம், ஒளியேற்பு வினாடி, அடுக்கிய படங்களின் எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் எழுதி வைக்க வேண்டும்.